ஒரே மணமா, ஒத்த மணமா?

பாரிஸின் ஹெர்மெஸ் நிறுவனம் 1837இல் குதிரைச் சேணம் தைத்துப் பிழைக்கத் தொடங்கியது. பட்டும் தோல் பையும் பின்னால் வந்தவை. 2006இல் அந்த நிறுவனம் ஆண்களுக்கென்று ‘டெர் டெர்மெஸ்’ என்ற பெர்ஃப்யூமை வெளியிட்டது. ஹெர்மெஸின் மண் என்று அர்த்தம். செய்தவர் ழான்-க்ளோத் எல்லெனா. வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் ஊரில் பிறந்தவர், கொஞ்சம் சரக்கை வைத்துக்கொண்டு நிறைய சொல்லத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2018இல், அதே பெயருக்குப் பின்னால் ‘ஓ அந்தான்ஸ் வெத்திவேர்’ என்ற வாலை ஒட்டிக்கொண்டு இன்னொன்று வந்தது. அதைச் செய்தவர் கிறிஸ்டீன் நாஜெல். எல்லெனாவுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஆய்வுக்கூட வேதியியலிலிருந்து வாசனைக்கு வந்தவர்.

இரண்டும் ஒரே குடும்பம். மேலே ஆரஞ்சு, எலுமிச்சைச் சாதிப் பழங்கள். நடுவில் மிளகும் ஜெரேனியமும். அடியில் மண்ணும் வேரும். புட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அடியில் ஆரஞ்சு நிறத்தில் ‘எச்’ எழுத்து. கடைக்கு வருகிறவர் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: இரண்டும் ஒன்றா, வேறா? ஒன்று என்றால் எதற்கு இரண்டு? வேறு என்றால் எது வேறு?

விற்பனைக்காரப் பெண்ணிடம் இதற்குப் பதில் உண்டு, ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்தியத் தத்துவவாதிகளிடமும் பதில் உண்டு, ஆனால் அவர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டாக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் கணிசமான பங்கு வாசனையைப் பற்றியது என்பதுதான் சுவாரசியம்.

முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. வெள்ளைக் காகிதப் பட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு அழுத்து. ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டு மூக்கில் வைத்தால் ஆஸ்பத்திரி நெடிதான் அடிக்கும். எல்லெனாவின் பட்டையில் முதலில் வருவது ஆரஞ்சு. ஜூஸ் அல்ல, தோலை நகத்தால் கீறும்போது தெறிக்குமே அந்த எண்ணெய், கூடவே வெள்ளைச் சதையின் கசப்பு. அதற்கடுத்து வருவதுதான் அந்தப் பெர்ஃப்யூமைப் பிரபலமாக்கியது: கல்லும் கல்லும் உரசிய வாடை. பிரெஞ்சுக்காரர்கள் சிக்கிமுக்கிக் கல் என்கிறார்கள். உலர்ந்த, கொஞ்சம் புகைந்த, உலோகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வாடை. நாஜெலின் பட்டையில் ஆரஞ்சு பின்வாங்கிவிடுகிறது. பெர்கமாட்டும் கிரேப்ஃப்ரூட்டும் முன்னால் வந்து பளிச்சென்று நிற்கின்றன. சிச்சுவான் மிளகின் சுருசுருப்பு நாக்கில் படாமலே நாக்கை மரக்கச் செய்கிறது. கல் இல்லை, அல்லது இருந்தும் இல்லை.

இரண்டு மணி நேரம் போகட்டும். இப்போது வித்தியாசம் குறைந்துவிடுகிறது. நான்கு மணி நேரத்தில் இரண்டிலும் வெட்டிவேர் மேலேறி வந்துவிடும். எல்லெனாவினுடையதில் செடார் மரத்தூளும் சாம்பிராணியின் லேசான இனிப்பும் கூட இருக்கும். நாஜெலுடையதில் வேர் தனித்து, ஈரம் காயாமல் இருக்கும். யாராவது பட்டையின் பின்னால் பெயர் எழுத மறந்திருந்தால் இந்தக் கட்டத்தில் மாற்றிச் சொல்லிவிட நிறைய வாய்ப்பு உண்டு.

இதன் கணக்கு எளிது. ஆரஞ்சுத் தோலின் முக்கியச் சரக்கு லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. வெட்டிவேரின் கனமான கூறுகள் 218, 220 என்று போகும். இலேசானது முதலில் பறக்கும், கனமானது கடைசிவரை உட்கார்ந்திருக்கும். பழத்துக்கும் வேருக்கும் நடுவே ரகசியமாக ஒரு பாலமும் உண்டு. கிரேப்ஃப்ரூட்டுக்கு அதன் அடையாளத்தைத் தரும் பொருள்களில் ஒன்று நூட்கடோன். வெட்டிவேர் எண்ணெயில் இருப்பது ஆல்ஃபா-வெட்டிவோன். இரண்டிலும் 15 கார்பன், 22 ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அணுக்களின் எண்ணிக்கையில் இம்மி வேறுபாடில்லை. ஓர் இரட்டைப் பிணைப்பு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. வேதியியலார் ஆல்ஃபா-வெட்டிவோனை ஐசோநூட்கடோன் என்றே இன்னொரு பெயரில் அழைக்கிறார்கள். மரத்தில் தொங்கும் பழமும் மண்ணுக்குள் போகும் வேரும் வேதியியலில் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். பழத்தையும் மண்ணையும் சேர்த்துக் கட்டும் ஆண்கள் பெர்ஃப்யூம் என்ற வகை இத்தனை வருடம் செல்லுபடியாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

(ஆண்கள் என்பதை அவ்வளவு நம்ப வேண்டாம். வெட்டிவேரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டுத் தலைக்குத் தேய்க்கிறார்கள். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கில் விளையும் அதே வேர், பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் மீசை வைத்துக்கொள்கிறது.)

இப்போது தத்துவவாதிகளிடம் வரலாம்.

மணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, இந்தியத் தத்துவக் கட்சிகளில் ஒன்றான வைசேஷிகர் தந்த விடை திட்டவட்டமானது: மண்ணில். மண்ணில் மட்டும். நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் எதற்கும் மணம் கிடையாது. பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் மாணவர்களுக்காக எழுதிய ‘தர்க்க சங்கிரகம்’ மண்ணை வரையறுப்பதே மணமுடையது என்றுதான். நல்ல மணம், கெட்ட மணம் என்று இரண்டே வகை. மூக்கும் மண்ணால் ஆனது, அதனால்தான் அதற்கு மணம் பிடிபடுகிறது. தண்ணீர் மணக்கிறதே என்றால், அதில் கலந்திருக்கும் மண் துகள் மணக்கிறது என்பார்கள். தமிழில் இந்தக் கட்சியைக் கேட்க விரும்புகிறவர் மணிமேகலையின் 27ஆம் காதையைப் புரட்டலாம். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப் போய்க் கேட்கும் மணிமேகலைக்கு வைசேஷிகர் சொல்வதும் இதுவே: மண்ணுக்கு ஐந்து குணமும் உண்டு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகக் குறையும், முதலில் குறைவது மணம்.

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கல்லும் மண்தானே, அது ஏன் மணக்கவில்லை என்று மடக்கினார்கள். விசுவநாதரின் ‘சித்தாந்த முக்தாவளி’ இதற்குச் சொல்லும் பதில் அழகானது. கல்லில் மணம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வெளிப்படும் அளவுக்கு இல்லை. கல்லைச் சுட்டுச் சாம்பலாக்கிப் பார், மணக்கும். சாம்பலில் இருப்பது கல்லிலும் இருந்தே ஆக வேண்டும்.

மடக்கப்பட்டவர் தப்பிக்கச் சொன்ன சால்ஜாப்பு மாதிரி இது தோன்றலாம். ஆனால் எல்லெனா 2006இல் செய்தது இதைத்தான். சும்மா கிடக்கும் சிக்கிமுக்கிக் கல்லுக்கு வாசனை கிடையாது. உரசினால் வரும். அந்த வெளிப்படாத மணத்தைப் புட்டியில் கொண்டுவர அவர் கல்லை அரைத்துப் போடவில்லை; மூக்குக்கு உரசிய கல் நினைவுக்கு வரும்படி வேறு சரக்குகளைச் சேர்த்தார். வட இந்தியாவின் கன்னோசி ஊர் அத்தர்க்காரர்கள் இன்னும் நேரான வழியில் போகிறவர்கள். சுட்ட களிமண் ஓடுகளைச் செப்பு அண்டாவில் போட்டு வடித்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். முதல் மழை மண்ணின் மணம் கிடைத்துவிடுகிறது. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மழை மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தபோது இந்தியாவின் இந்த அத்தரையும் குறிப்பிட்டார்கள். சூடு பட்டால் மண்ணின் மணம் மாறும், பச்சைப் பானை சுட்டபின் வேறு குணம் பெறும் என்பது வைசேஷிகர் பக்கம் பக்கமாக எழுதிய பாடம். கன்னோசி சூளைக்கு அருகில் நின்றவர்கள்தான் அதை எழுதியிருக்க வேண்டும் என்று படுகிறது.

வழிபாட்டிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் புற்றுமண் வடிவம். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். மண்ணுக்கு மணம் சேர்க்கும் அந்தச் சாம்பிராணிதான் எல்லெனாவின் ‘மண்’ணிலும் அடியில் கிடக்கிறது. பாரிஸ்காரர் திருவொற்றியூருக்கு வந்து பார்த்துச் செய்யவில்லை. நின்று மணக்கும் பிசின் மனிதருக்குத் தெரிந்தவை குறைவு, அவ்வளவுதான்.

மணம் பொருளில் இருக்கிறது என்ற இந்தக் கட்சியை ஏற்றால் கடையில் கேட்ட கேள்விக்கு விடை சுலபம். இரண்டு புட்டியிலும் உள்ள பொருள்களைப் பட்டியல் போடு. பொதுவானவை இத்தனை, வேறானவை இத்தனை. பொதுவான பொருள் இருப்பதால் ஒத்திருக்கிறது, வேறான பொருள் இருப்பதால் வேறுபடுகிறது. இரண்டு பட்டையிலும் வெட்டிவேர்த்தன்மை என்ற ஒரே பொதுமை உட்கார்ந்திருக்கிறது, பத்துப் பசுவிலும் ஒரே பசுத்தன்மை இருப்பதுபோல. வைசேஷிகரும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த நியாயவாதிகளும் இதைச் ‘சாமானியம்’ என்பார்கள்.

பௌத்தர் விடமாட்டார். நான்கு மணி நேரம் முன்பு இந்தப் பட்டையில் இருந்ததும் இப்போது இருப்பதும் ஒன்றா என்று முதலில் கேட்பார். இரண்டு புட்டியை ஒப்பிடுவது இருக்கட்டும், ஒரு புட்டியையே அதனோடு ஒப்பிட முடியுமா?

‘மிலிந்த பஞ்ஹா’வில் நாகசேனர் கிரேக்க அரசன் மிலிந்தனிடம் இதே கணக்கைப் போடுகிறார். இரவு முழுக்க எரியும் விளக்கு. முதல் யாமத்துச் சுடரும் நடு யாமத்துச் சுடரும் ஒன்றா? இல்லை. கடை யாமத்துச் சுடர்? அதுவும் வேறு. அப்படியானால் மூன்று விளக்கா? அதுவும் இல்லை, அந்த ஒரு விளக்கைச் சார்ந்தே இரவெல்லாம் எரிந்தது. பெர்ஃப்யூம்காரர்கள் டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட் என்று பிரிப்பதும் மூன்று யாமம்தான். ஆரஞ்சு பறந்துவிட்டது, மிளகு பறந்துவிட்டது, வேர் மிச்சம். அதே டெர் டெர்மெஸ் என்றுதான் மாலையிலும் சொல்கிறோம்.

நியாயவாதியின் பதில்: அதே என்று அடையாளம் காண்கிறோமே, அந்த அனுபவம் பொய்யா? நேற்றுப் பார்த்த தேவதத்தனே இவன் என்கிற அறிவு உள்ளது. பௌத்தர் உடனே தலைமயிரையும் நகத்தையும் காட்டுவார். வெட்டிய நகம் மறுபடி வளர்ந்ததும் அதே நகம் என்கிறோம். அது அதே நகமா? ஒத்திருப்பதை ஒன்று என்று எடுத்துக்கொள்வது மனத்தின் பழக்கம். இந்த இடத்தில் பௌத்தருக்குத்தான் வலு அதிகம். 2006இல் வாங்கிய புட்டி தீர்ந்து, போன மாதம் வாங்கிய புட்டியை அதே என்று தெளித்துக்கொள்ளும் எவரும் வளர்ந்த நகத்தைத்தான் தெளித்துக்கொள்கிறார். வெட்டிவேர் ஹெய்ட்டியிலிருந்தும் வரும், ஜாவாவிலிருந்தும் வரும். ஒரு வருட விளைச்சல் மறுவருடம் அப்படியே அமைவதில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் ஒவ்வொரு பொருளாகத் தடை செய்துகொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில் லிலியல் என்ற பூவாசனைப் பொருள் தடைக்கு வந்தபோது எத்தனையோ நிறுவனங்கள் சத்தமில்லாமல் செய்முறையை மாற்ற வேண்டியிருந்தது. பெயரும் டப்பாவும் மட்டும் மாறவில்லை.

பௌத்தரின் இந்தக் கட்சியைத் தர்க்கமாக இறுக்கிக் கட்டியவர் தின்னாகர். காஞ்சிபுரத்தை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும். காலம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு. அவருடைய பார்வையில் புலனுக்குக் கிடைப்பது இந்தக் கணத்தின் இந்தத் தனிப்பொருள் மட்டும். அதற்குப் பெயர் கிடையாது, வகை கிடையாது. வெட்டிவேர், சிட்ரஸ், மண்வாசனை எல்லாம் பின்னால் மனம் கட்டியவை. பசு என்ற சொல் பசுத்தன்மை என்ற பொருளைத் தொடுவதில்லை. பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே. இதற்கு ‘அபோகம்’ என்று பெயர். மண் வாடை என்று ஒருவர் சொல்லும்போது ஒரு பொதுப் பொருளைத் தொட்டுக் காட்டவில்லை. ரோஜா அல்ல, சாக்லேட் அல்ல, சோப்பு அல்ல என்று ஒதுக்கிக்கொண்டு வருகிறார். பெர்ஃப்யூம் கடையில் பத்து நிமிடம் நின்று கேட்டால் தெரியும், மக்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். ‘இது அவ்வளவு ஸ்வீட்டா இல்ல’, ‘தலவலி வர்ற மாதிரி இல்ல’, ‘பவுடர் மாதிரி அடிக்கல’. எதுவாக இருக்கிறது என்று சொல்லத் திணறுகிறவர் எது இல்லை என்பதைச் சரளமாகச் சொல்வார்.

மீமாம்சகரான குமாரில பட்டர் இதைச் ‘சுலோக வார்த்திக’த்தில் கடுமையாகத் தாக்கினார். பசு அல்லாததை விலக்க வேண்டும் என்றால் பசு எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்திருந்தால் விலக்கல் எதற்கு? தெரியாவிட்டால் எதை விலக்குவாய்? நல்ல கேள்வி. மூக்கின் உலகத்திலும் அது உறைக்கிறது. பொதுவாக ஒன்றுமே இல்லை என்றால், இந்த இரண்டு புட்டியை மட்டும் ஒரே வகையில் சேர்க்கிறோமே, எப்படி? டெர் டெர்மெஸையும் மல்லிகைச் சென்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லையே?

பதிலைத் தின்னாகர் வழிவந்த தர்மகீர்த்தி கொண்டுவந்தார், வைத்தியரின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து. சீந்தில் முதலான மூலிகைகள் பல. ஒவ்வொன்றும் தனியாகவோ சேர்ந்தோ காய்ச்சலைத் தணிக்கும். அவற்றுக்குள் காய்ச்சல்தணிப்புத்தன்மை என்ற ஒரே பொருள் புகுந்து உட்கார்ந்திருக்கவில்லை. இது கொடி, அது வேர், மற்றது பட்டை. செய்யும் வேலை ஒன்றாக இருப்பதால் ஒரே வகையில் சேர்க்கிறோம். பொதுமை பொருளில் இல்லை, விளைவில் இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டு வாதத்துக்கு இருபத்தொன்றாம் நூற்றாண்டில் சாட்சி கிடைத்தது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் நோம் சோபெல் குழுவினர் 2012இல் ஒரு சோதனை நடத்தினார்கள். மணப் பொருள்களைக் கலந்து இரண்டு கலவை செய்வது, ஒன்றில் இருக்கும் எந்தப் பொருளும் மற்றதில் இருக்கக் கூடாது. நாலைந்து பொருள் கலந்தால் வேறு வேறாகத்தான் மணக்கும். எண்ணிக்கை ஏற ஏற, முப்பதைத் தொடும்போது, இரண்டும் ஒன்றுபோலவே மணக்கத் தொடங்கின. எல்லா நிறமும் சேர்ந்தால் வெண்மை என்பதால் அதற்கு வெள்ளை மணம் என்று பெயரிட்டார்கள். அதே ஆய்வகம் 2020இல் இன்னும் ஒரு படி போனது. ஒரு பொருள்கூடப் பொதுவாக இல்லாத, ஆனால் மூக்கால் பிரித்தறிய முடியாத கலவை ஜோடிகளைக் கணக்குப் போட்டே உருவாக்கிக் காட்டினார்கள். அவர்களுக்குத் தூண்டுதல், டெலிபோன் கண்ட கிரகாம் பெல் 1914இல் ஒரு சொற்பொழிவில் விட்ட சவால்: ரோஜாவிலிருந்து பெருங்காயம் வரை எத்தனையோ மணம் இருக்கிறது, ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள தூரத்தை யாராவது அளந்திருக்கிறீர்களா? அளந்துவிட்டார்கள். அளந்து பார்த்ததில், பொதுப் பொருள் ஒன்றும் இல்லாமலே இரண்டு மணம் ஒன்றாக முடியும் என்று தெரிந்தது. சீந்தில் கதையேதான்.

வைசேஷிகரும் முழுக்கத் தோற்றுவிடவில்லை. வெட்டிவேர் எண்ணெயில் நூற்றுக்கு மேற்பட்ட கூறுகள் உண்டு. அதில் வெட்டிவேர்த்தன்மை எங்கே இருக்கிறது என்று வேதியியலார் பல பத்தாண்டுகளாகத் தேடினார்கள். வெட்டிவோன்கள் என்றார்கள், குசிமோன் என்றார்கள். 2021இல் பெஞ்சமின் லிஸ்ட், பிலிப் கிராஃப்ட் ஆகியோரின் குழு அதுவரை பேசப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, எண்ணெயில் மிகச் சிறிய அளவே இருக்கும் ஒரு கீட்டோனை ஆய்வகத்தில் செய்துகாட்டி, வெட்டிவேராக மணப்பது இதுவே என்றது. அதே ஆண்டு லிஸ்ட் வேறொரு வேலைக்காக நோபல் பரிசும் வாங்கினார். கல்லில் மணம் இருக்கிறது, வெளிப்படும் அளவுக்கு இல்லை என்று சொன்ன முக்தாவளிக்காரர் இதைக் கேட்டிருந்தால் மீசையைத் தடவியிருப்பார். ஆனாலும் அந்த ஒரு கீட்டோனை மட்டும் பட்டையில் விட்டு நீட்டினால் டெர் டெர்மெஸ் வராது, நாஜெலும் வரமாட்டார். அது வேரின் கையெழுத்து மட்டும், கடிதம் வேறு.

இதுவரை புட்டியைப் பற்றிய சண்டை. மூக்குக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லெனாவின் கலவையில் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள் தாராளம். மரமும் வெல்வெட்டும் சேர்ந்தாற்போன்ற மணம் என்பார்கள். விசேஷம் என்னவென்றால் சிலருக்கு அது கொஞ்ச நேரம் தெரியும், பிறகு தெரியாது, பிறகு மறுபடி தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. டெர் டெர்மெஸ் வந்த அதே 2006இல் பெர்ஃப்யூம்காரர் கேசா ஷோன் அந்தப் பொருளை மட்டும் ஆல்கஹாலில் கரைத்து ‘மாலிக்யூல் 01’ என்று விற்றார். பணம் கொடுத்து வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் வெறும் சாராய வாடையை முகர்ந்துவிட்டுப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகள் வேலை செய்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே இரண்டு பேர் ஒரே கடையில் ஒரே பட்டையை முகர்ந்து, ஒருவர் ஒன்று என்றும் மற்றவர் வேறு என்றும் சொன்னால் இருவருமே உண்மை சொல்கிறார்கள்.

பௌத்தரின் பாலி நூல்களில் இதற்குப் பக்கத்தில் வரும் கதை கேமகருடையது. கோசாம்பியில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்த துறவி. மூத்த துறவிகள் ஆள் அனுப்பி ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள்: உடல், உணர்ச்சி, அறிவு என்ற இவற்றில் எதையாவது ‘நான்’ என்று கொள்கிறாயா? இல்லை என்கிறார் கேமகர். அப்படியானால் விடுதலை பெற்றவன்தானே? அதுவும் இல்லை, நான் என்கிற உணர்வு மட்டும் போகவில்லை என்கிறார். ஆள் போய்வந்து அலுத்துப்போனதும், தடியை ஊன்றிக்கொண்டு தாமே எழுந்து நடந்து போய் விளக்குகிறார். தாமரையின் மணம் இதழுடையதா, நிறத்துடையதா, மகரந்தத்துடையதா? எதனுடையது என்றும் சொல்ல முடியாது, பூவின் மணம் என்றே சொல்ல வேண்டும். நான் என்பதும் அப்படித்தான். பிறகு இன்னொன்று சொல்கிறார். வண்ணான் சாம்பலும் உவர்மண்ணும் சாணமும் போட்டு வெளுத்துத் தந்த துணி. அழுக்குப் போய்விட்டது, வெளுத்த சரக்கின் வாடை போகவில்லை. மணப்பெட்டிக்குள் வைத்தால் மெல்ல அதுவும் போகும்.

வாசனைப் பொருளைத் தொடக் கூடாது என்ற நோன்புடைய துறவிகள், ஆன்மா உண்டா என்ற கேள்வியைப் பூவையும் துணிப்பெட்டியையும் வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வைசேஷிகரின் மூலநூலான கணாதரின் சூத்திரமும் பூவையும் துணியையும் எடுத்துத்தான், துணியில் ஏறிய மணம் துணியுடையது அன்று என்று நிறுவுகிறது. எதிரெதிர்க் கட்சிகள், கையில் எடுத்த சாமான் ஒன்று. மணம் எங்கே இருக்கிறது என்று கைகாட்ட முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வழக்காட அதைவிட வசதியான பொருள் ஏது?

வழக்கு என்றதும் அசல் நீதிமன்றமே நினைவுக்கு வர வேண்டும். 2006 ஜூன் 13ஆம் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் மன்றம், பெர்ஃப்யூமின் மணம் கைத்தொழில் திறமையின் விளைவு மட்டுமே, அதற்குப் படைப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 16ஆம் தேதி, நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. லான்கோம் நிறுவனத்தின் ‘ட்ரெசோர்’ பெர்ஃப்யூமை கெகோஃபா என்ற கம்பெனி ‘ஃபீமேல் ட்ரெஷர்’ என்ற பெயரில் மலிவாக விற்றது. ஆய்வகச் சோதனையில் 26 மணப் பொருளில் 24 ஒன்றாக இருந்தன. டச்சு நீதிபதிகள் ஒரு நுட்பமும் செய்தார்கள்: உரிமை புட்டியில் இருக்கும் திரவத்துக்கு இல்லை, மணத்துக்கு, திரவம் ஆவியாகிப் போகிறது, புத்தகத்துக்குத் தாள் எப்படியோ மணத்துக்குத் திரவம் அப்படி. தாள் எரிந்தாலும் நாவல் இருக்கிறதல்லவா? பிரெஞ்சு நீதிமன்றம் வைசேஷிகத்தின் பக்கமாகச் சாய்ந்தது, டச்சு நீதிமன்றம் பொதுமையைப் பொருளிலிருந்து கழற்றித் தனியே நிறுத்திவிட்டது. பிளேட்டோ இருந்திருந்தால் கைதட்டியிருப்பார், தின்னாகர் எழுந்து ஆட்சேபித்திருப்பார்.

ஆட்சேபம் பன்னிரண்டு ஆண்டு கழித்து லக்சம்பர்கிலிருந்து வந்தது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு சீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ரொட்டியில் தடவும் சீஸின் சுவைக்குப் படைப்புரிமை கேட்டு லெவோலா என்ற டச்சு நிறுவனம் வந்திருந்தது. சுவையைத் துல்லியமாக அடையாளம் காண முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. சுவைப்பவரின் வயது, விருப்பம், உணவுப் பழக்கம், சூழல் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறுகிறது என்பது காரணம். சுவைக்குச் சொன்னது மணத்துக்கும் பொருந்தும் என்று சட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். டச்சுத் தீர்ப்பின் கால் ஆட்டம் கண்டது.

ஆக, ஹெர்மெஸ் சட்டத்தின் துணையோடு காத்துக்கொள்ள முடிவது பெயர், புட்டி, அடியில் இருக்கும் அந்த ‘எச்’. எல்லெனாவினுடையதும் நாஜெலுடையதும் ஒரே குடும்பம் என்று சட்டம் ஒப்புக்கொள்வது இவற்றை வைத்துத்தான், உள்ளே இருப்பதை வைத்து அல்ல. உள்ளே இருப்பதற்கு ரகசியம் ஒன்றே காவல். கேஸ் குரோமட்டோகிராஃப் இயந்திரம் வந்த பிறகு அந்தக் காவலும் அரைகுறைதான். ஒரு சொட்டு போதும், பெரும்பாலான சரக்கைப் பிரித்துப் பட்டியல் போட்டுவிடும். வெட்டிவேர் எண்ணெய் மாதிரி நூறு கூறுள்ள ஒன்று கலந்திருந்தால் மட்டும் இயந்திரம் திணறும். அப்போது ஆய்வகத்தில் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரிந்து வரும் ஆவியில் மூக்கை வைத்து, இது மண், இது பழம், இது என்னவோ என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.